ஒன்பதாவது மணி

அண்ணி: கதவ நல்லா சாத்து. அது தானா தொறந்துக்கும்.

தம்பி: சாத்தியாச்சு. துணி மூட்டை ஒண்ண முட்டுக்குடுத்திருக்கேன்.

அண்ணி: அது அழுக்குத் துணி.

தம்பி: காலைலேர்ந்து அதுமேல சாஞ்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். இப்ப சொல்றீங்க.

அண்ணி: வெளிய ஆளுங்க நடமாடும்போது நான் என்னன்னு சொல்றது? 'சார், அது நோயாளிங்க போர்வை சார்'னா?

தம்பி: சொல்லியிருக்கலாம். காலைலேர்ந்து நாப்பது தடவ சார் போட்டாச்சு, அதோட நாப்பத்தொண்ணு. அண்ணன்கிட்ட சொன்னா ஒரு வாரத்துக்கு சிரிப்பார்.

அண்ணி: உங்கண்ணன் சிரிச்சு நாளாச்சு. நேத்து வீட்டுக்குப் போய் விஷயத்தச் சொன்னேன்... 'வேலை போயிடுமா'ன்னு ஒரே ஒரு கேள்வி. அப்புறம் முதுகக் காட்டிக்கிட்டு படுத்துட்டார்.

தம்பி: தூங்கினாரா?

அண்ணி: தூங்கற முதுகு எது, தூங்காத முதுகு எதுன்னு பதினாறு வருஷத்துல எனக்குத் தெரியாதா? சரி அத விடு. நீ சாப்டியா?

தம்பி: இல்ல. டப்பா பையிலதான் இருக்கு.

அண்ணி: பசிக்கலையா, தொண்டைல எறங்கலையா?

தம்பி: ரெண்டும்தான்... நீங்க?

அண்ணி: நாலு மணி ஆகட்டும். பெரிய சிஸ்டர் ரூம்ல விசாரணை முடியட்டும். அதுக்கப்புறம் நர்ஸா சாப்பிடறதா, வீட்ல சும்மா இருக்கறவளா சாப்பிடறதான்னு தெரிஞ்சுடும்ல.

தம்பி: அப்படிப் பேசாதீங்க அண்ணி.

அண்ணி: பின்ன எப்படிப் பேசறது? உன் கம்பெனில உன்னை எதுக்கு அனுப்பியிருக்காங்க? நோயாளிங்க கூப்பிடற எங்க மணி ஒழுங்கா அடிக்குது, நர்ஸம்மாதான் காதுல வாங்கலன்னு எழுதத்தானே?

தம்பி: முதலாளி சொன்னத அப்படியே சொல்லவா? 'மெஷின்ல தப்பு இல்லைன்னு பாத்து எழுதிக் குடுத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடு'ன்னாரு. தப்பு இருக்கான்னு பாருன்னு சொல்லல. இல்லைன்னு பாருன்னு சொன்னாரு.

அண்ணி: கெட்டிக்காரர்.

தம்பி: நேத்து நடந்தத எனக்கு இன்னொரு தடவ சொல்லுங்க. வரிசையா.

அண்ணி: காலைலேர்ந்து எத்தனை தடவ சொல்றது. வாய் வலிக்குது.

தம்பி: ஒரே ஒரு தடவ. என் மெஷின்ல பதிவாகியிருக்கற நேரத்தோட ஒத்துப் பாக்கணும்.

அண்ணி: ...மத்தியானம் ரெண்டு நாப்பது இருக்கும். மூணு மணிக்குப் பாக்க வர்ற ஆளுங்களுக்குக் கதவு தொறப்பாங்க. ரெண்டரை ஆச்சுன்னா இந்த வார்டுல ஒரு கூத்து நடக்கும், தெரியுமா உனக்கு? எல்லாருக்கும் ஒரே நேரத்துல முகம் கழுவணும், சட்டை மாத்தணும், தலை சீவணும், எழுப்பி உக்கார வைக்கணும். மகன் வர்றான், மருமக வர்றா, படுத்த படுக்கையா இருக்கறத அவங்க பாக்கக் கூடாது. ஆளாளுக்கு மணி அடிப்பாங்க.

தம்பி: எத்தனை பேரு?

அண்ணி: எண்ணிக்கிட்டா நிப்பேன்? பதினாலு பெட்டுக்கு நாங்க ரெண்டு பேரு. என்கூட இருந்த பொண்ணு மூணாம் பெட்டு அம்மா வாந்தி எடுக்குதுன்னு அங்க மாட்டிக்கிச்சு. அந்த அம்மா விட்டாத்தான அது நகரும். அந்த நேரத்துலதான் பதினோராம் பெட் டிரைவர்...

தம்பி: பஸ் ஓட்டினவரா?

அண்ணி: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். இன்னமும் நான் கட்டில தள்ளும்போது 'பின்னால பாத்துத் திருப்பும்மா'ம்பார். அவர்தான் கட்டில்லேர்ந்து விழுந்து கெடந்தார். இடுப்பெலும்பு போச்சு.

தம்பி: அவர் பொண்ணு?

அண்ணி: அது சீக்கிரமே வந்துருச்சு. உள்ள விட மாட்டாங்க, அதனால வராந்தா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்திருக்கு. அப்பா ரூம் வாசல்ல சிவப்பு விளக்கு எரியுது. ஆறு நிமிஷம் எரியுது. ஒருத்தரும் அந்த ரூமுக்குள்ள போகல. கடியாரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்னு சொல்லுது. பொய் சொல்ற பொண்ணு இல்ல அது.

தம்பி: டிரைவர் என்ன சொல்றார்?

அண்ணி: ...அவர், 'நானா எறங்கினேன், நானா விழுந்தேன், யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க'ங்கறார். அதுக்கு அந்தப் பொண்ணு அவரத் திட்டுது. 'நர்ஸ் வந்திருந்தா நீ ஏம்பா எறங்கப் போற'ன்னு.

தம்பி: அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

அண்ணி: அதான் சொன்னேனே. மருந்து ரூம்ல.

தம்பி: மருந்து ரூம்லேர்ந்து சுவத்துல பெட் நம்பர் காட்டற போர்டு தெரியும்ல?

அண்ணி: தெரியும். போர்டுல பதினொண்ணு வரவே இல்ல. இதத்தான் நேத்துலேர்ந்து சொல்றேன். யாரு நம்பறா?

தம்பி: நான் நம்பறேன்.

அண்ணி: கொழுந்தன் நம்பினா போதுமா?

தம்பி: நம்பறேன்னு சும்மா சொல்லல. நீங்க சொன்னதுல அந்த ஒண்ணு நெசம். அந்த ஆறு நிமிஷமும் போர்டுக்கு பதினொண்ணு போகவே இல்ல. இந்தா, இந்த சுவத்துப் பெட்டி இருக்கு பாருங்க, மணி எல்லாம் முதல்ல இதுக்குத்தான் வரும். இதுவரைக்கும் வந்திருக்கு. இங்கேர்ந்து போர்டுக்குப் போகல.

அண்ணி: ஏன்? ரிப்பேரா?

தம்பி: ரிப்பேரா இருந்தா நல்லா இருந்திருக்கும். எழுதின மாதிரியே வேலை செஞ்சிருக்கு. அதான் கஷ்டம்.

அண்ணி: எனக்குப் புரியற மாதிரி சொல்லு. உன் கம்பெனி பாஷை வேண்டாம்.

தம்பி: இந்தப் பெட்டி போர்டுக்கு ரேடியோல ஒரு மெசேஜ் அனுப்பும். கணக்கா முப்பத்திரண்டு கட்டம் இருக்கற ஒரு துண்டுச் சீட்டுன்னு வெச்சுக்கங்க. நாங்க அத 'பைட்'ம்போம், நீங்க கட்டம்னே வெச்சுக்கங்க. ஒரு கட்டத்துல ஒரு நம்பர். முப்பத்திரண்டுக்கு மேல அந்த ரேடியோவால ஒரு தடவைக்கு அனுப்ப முடியாது.

அண்ணி: சரி.

தம்பி: ஒவ்வொரு மணிக்கும் மூணு கட்டம். எந்த பெட்டு, அவசரமா சாதாரணமா, எத்தனை தடவ அழுத்தினாங்க. எட்டு மணிக்கும் சேத்து இருபத்திநாலு. முன்னால அஞ்சு கட்டம் விலாசம் மாதிரி, கடைசில ரெண்டு கட்டம் வழில ஏதும் கெட்டுப் போகலையான்னு சரி பாக்க. மொத்தம் முப்பத்தொண்ணு.

அண்ணி: ஒண்ணு மிச்சம்.

தம்பி: ஒண்ணு மிச்சம். அது சும்மா கெடக்கு. ஒரு கட்டத்துல ஒரு மணிய வைக்க முடியாது.

அண்ணி: அப்ப ஒரே நேரத்துல எட்டு மணிதானா?

தம்பி: எட்டுதான். உங்க மருந்து வண்டில தட்டு இருக்குல்ல, கப்பு வைக்கக் குழி குழியா. எத்தனை குழி?

அண்ணி: பன்னண்டு.

தம்பி: எங்களுது எட்டு. ஒன்பதாவதா ஒரு கப்பு வந்தா வைக்க எடமில்ல. அவ்வளவுதான் விஷயம்.

அண்ணி: எடமில்லைன்னா? என் தட்டு ரொம்பிட்டா பதிமூணாவது கப்ப நான் கைல பிடிச்சுக்குவேன். கீழ போட்டுட்டா போவேன்?

தம்பி: இது கீழ போட்டுடுச்சு அண்ணி. ஒன்பதாவது மணி வந்ததும் ப்ரோக்ராம்ல ஒரு வரி 'இடம் இல்ல'ன்னு ஒரு பதில் குடுக்குது. அந்தப் பதில வாங்கி என்ன செய்யணும்னு அடுத்த வரில எழுதணும். எழுதல. பதில யாரும் பாக்கவே இல்ல.

அண்ணி: இத வெச்சுக்கிட்டா நாலு வருஷமா நாங்க ஆளுங்களப் பாத்துக்கறோம்?

தம்பி: இந்த மாதிரி சின்ன மெஷின்ல இதான் வழக்கம். எல்லாத்தோட அளவும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். எதுவும் ரொம்பி வழியக் கூடாது, நடுவுல எடம் தேடி அலையக் கூடாது. அளவு தெரிஞ்சா மெஷின் நிக்காது. நாலு வருஷத்துல இது ஒரு தடவ கூட நின்னதில்ல, தெரியுமா? அத சொல்லிச் சொல்லித்தான் வித்தாங்க.

அண்ணி: நிக்காதுதான். ஆள விட்டுட்டு ஓடுற பஸ்ஸும்தான் நிக்காது.

தம்பி: ...டிரைவர்கிட்ட பேசிப் பேசி நீங்களும் பஸ்ஸாட்டம் பேசறீங்க.

அண்ணி: டெஸ்ட் கிஸ்ட் ஒண்ணும் பண்ண மாட்டீங்களா? எங்களுக்கு ஒரு புது ஊசி வந்தா கூட பத்து தடவ கேள்வி கேப்பாங்க.

தம்பி: டெஸ்ட் உண்டு. 'எத்தனை முடியுமோ அத்தனை மணியும் ஒரே நேரத்துல அடிச்சுப் பாரு'ன்னு டெஸ்ட். எத்தனை முடியும்? எட்டு. எட்டு அடிச்சுப் பாத்தோம். பாஸ். எட்டுன்னு எழுதினவனேதான டெஸ்ட்டும் எழுதினான்.

அண்ணி: யாரு எழுதினது?

தம்பி: முன்னாடி ஒருத்தன் இருந்தான். வேலைய விட்டுட்டுப் போயிட்டான்.

அண்ணி: ம்.

தம்பி: என்ன ம்?

அண்ணி: ஒண்ணுமில்ல. தப்பு பண்றவன் எல்லாம் எல்லா ஆபீஸ்லயும் முன்னாடியே போயிடறானேன்னு நெனச்சேன். எங்க ஆஸ்பத்திரில எவளும் போக மாட்டேங்கறா... சரி, அந்த ஒன்பதாவது மணி. எத்தனை தடவ அழுத்தினாங்கன்னு ஒரு கட்டம் இருக்குன்னியே. பதினோராம் பெட்டுக்கு எத்தனைன்னு இருக்கு?

தம்பி: ...ஒரு தடவ.

அண்ணி: ஒரு தடவையா?

தம்பி: ஆமா.

அண்ணி: நல்லாப் பாத்தியா?

தம்பி: பாத்தேன். ஏன்?

அண்ணி: சும்மா கேட்டேன்... ஒரு தடவ அடிச்சதுக்கா ஆறு நிமிஷம் விளக்கு எரியும்?

தம்பி: யாராவது போய் நிறுத்தற வரைக்கும் எரியும். வாசல் விளக்குக்குத் தனி ஒயர். அதுக்கும் என் மெசேஜுக்கும் சம்பந்தமில்ல.

அண்ணி: 'என்' மெசேஜா?

தம்பி: கம்பெனி மெசேஜ். காலைலேர்ந்து வாய் குழறுது. உக்காருங்களேன், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?

அண்ணி: உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். நேத்துலேர்ந்து வலது கை வேற தோள்பட்டை வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருக்கு.

தம்பி: எதத் தூக்கினீங்க?

அண்ணி: ...எதையும் தூக்கல. வயசாகுது. இரு, யாரோ வர்றாங்க. மூட்டைய எடு, எடு.

பெரிய சிஸ்டர்: என்ன இது, கதவுக்குப் பின்னால மலையா? கண்ட எடத்துல அழுக்குத் துணிய...

அண்ணி: நான் எடுத்துடறேன் சிஸ்டர். சார் பெட்டியப் பாக்கறதுக்காக...

பெரிய சிஸ்டர்: சாரா?

அண்ணி: ஆமா சிஸ்டர், கம்பெனி சார்.

பெரிய சிஸ்டர்: போதும்மா. நாலு வருஷமா உன் போன் அடிச்சா திரைல வர்ற மூஞ்சி இது. பக்கத்துல 'தம்பி'ன்னு வேற வருது. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்தான், அதுக்காக இவ்வளவுமா தெரியாது?

அண்ணி: சிஸ்டர், அது வந்து...

பெரிய சிஸ்டர்: இந்த மெஷின வாங்கலாம்னு நீ வந்து சொன்ன அன்னிக்கே தெரியும். நல்ல மெஷினா இருந்தா யார் கொழுந்தன் வித்தா என்ன. இப்ப எனக்கு ஒண்ணுதான் வேணும். தம்பி, நீங்க சொல்லுங்க. நேத்து அந்த மணி அடிச்சுதா, இல்லையா?

தம்பி: அடிச்சுது மேடம். ஆறு நிமிஷம் போர்டுக்கு வரல.

பெரிய சிஸ்டர்: ஏன் வரல?

தம்பி: எட்டுக்கு மேல எங்க மெஷின் அனுப்பாது. நேத்து ஏற்கனவே எட்டு மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இவரோடது ஒன்பதாவது.

பெரிய சிஸ்டர்: பதினாலு பெட் வார்டுக்கு எட்டா?

தம்பி: ஆமா.

பெரிய சிஸ்டர்: இத எழுதிக் குடுப்பீங்களா? வாயால சொல்லிட்டு அப்புறம் கம்பெனிக்குப் போய் மாத்திப் பேசற கதையெல்லாம் வேண்டாம்.

தம்பி: எழுதியாச்சு மேடம்.

பெரிய சிஸ்டர்: எத்தனை பக்கம்?

தம்பி: ரெண்டு... இல்ல, ஒண்ணு. ஒரு பக்கம்தான்.

பெரிய சிஸ்டர்: ஒரு பக்கமே போதும். மெஷின் விக்க வந்தவன் தன் மெஷின் மேல தப்புன்னு எழுதி நான் இதுவரைக்கும் பாத்ததில்ல... அப்ப இவ மேல ஒண்ணுமில்ல. என்னம்மா, அப்படி நிக்கற? உன் மேல தப்பில்லைன்னு சொல்றேன், எழவு வீட்ல நிக்கற மாதிரி நிக்கறியே.

அண்ணி: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர்.

பெரிய சிஸ்டர்: நேத்தெல்லாம் எனக்கு ஒரே யோசனை. உனக்கு அந்த மாதிரி கெட்ட பேர் வந்ததே இல்லையேன்னு. விளக்கு எரிய எரிய உக்காந்திருக்கற ஆள் இல்லையே நீ... சரி, நாலு மணிக்கு வாங்க. ரெண்டு பேரும் முகத்தக் கழுவிக்கிட்டு வாங்க. டிரைவரோட பொண்ணு முன்னால இந்த மூஞ்சியோட வந்து நிக்காதீங்க.

தம்பி: சரி மேடம்.

அண்ணி: ...போயிட்டாங்களா?

தம்பி: போயிட்டாங்க. மூட்டைய மறுபடி வைக்கட்டுமா?

அண்ணி: வேண்டாம். இனிமே யாருகிட்ட என்ன மறைக்கறது.

தம்பி: கேட்டீங்கள்ல. உங்க மேல ஒண்ணுமில்லையாம். போய் ஒரு வாய் சாப்பிடுங்க.

அண்ணி: உன் ரிப்போர்ட்ட எடு.

தம்பி: எதுக்கு?

அண்ணி: எடு தம்பி. கண்ணாடி போடாமயே எனக்குப் படிக்க வரும்... 'ஒரே நேரத்தில் எட்டு அழைப்புகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டது. இதை எழுதியவர்...' இது உன் பேருல்ல?

தம்பி: ஆமா.

அண்ணி: முன்னாடி இருந்த ஒருத்தன், வேலைய விட்டுட்டுப் போனவன்?

தம்பி: நாளைக்கு இந்நேரம் அப்படித்தான் சொல்வாங்க. பொய்னு எடுத்துக்காதீங்க, ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டேன்.

அண்ணி: சிரிப்பு வரல.

தம்பி: எனக்கும்தான்.

அண்ணி: நீதான் எழுதினன்னு எனக்குத் தெரியும்.

தம்பி: எப்படி?

அண்ணி: எப்படியா? எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைல உக்காந்துக்கிட்டு, வாயில சோத்த வெச்சுக்கிட்டு, 'உங்க வார்டுல எத்தனை பெட்டு அண்ணி'ன்னு கேட்ட. எட்டுன்னேன். அப்ப எட்டுதான். 'அப்ப கரெக்டா ஒக்காருது'ன்னு குதிச்ச. என்ன ஒக்காருதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. சாப்பாடு போட்டது நான்தானேடா, எனக்குத் தெரியாதா?

தம்பி: அப்ப ஏன் யாரு எழுதினதுன்னு கேட்டீங்க?

அண்ணி: நீ சொல்றியான்னு பாத்தேன்.

தம்பி: ...கீழ படிங்க. இன்னொரு வரி இருக்கு.

அண்ணி: 'இரண்டு வருடங்களுக்கு முன்பே வார்டில் படுக்கைகள் பதினான்காகிவிட்டதை வார்டு நர்ஸ் எனக்குத் தெரிவித்தார். நான் மாற்றவில்லை.' இத ஏன் எழுதின? எட்டுன்னு எழுதினது அறியாம. இது...

தம்பி: தெரிஞ்சு. ஆமா.

அண்ணி: நான் சொன்ன அன்னிக்கு 'பாத்துக்கறேன் அண்ணி'ன்ன.

தம்பி: உங்க சின்னப் பொண்ணுக்கு முன்பல்லு விழுந்த அன்னிக்கு. அவ பல்ல உள்ளங்கைல வெச்சுக் காட்டிக்கிட்டே இருந்தா. பாத்துக்கறேன்னேன். போர்டு திரைய பதினாலு வரிசையா மாத்திட்டேன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள போற மெசேஜ மாத்தணும்னா ரெண்டு சீட்டா உடைக்கணும், பெட்டி, போர்டு எல்லாத்துலயும் திரும்ப எழுதணும். ஒரு மாச வேலை. முதலாளி குடுக்க மாட்டார். பதினாலு பேரு இருந்தாலும் ஒரே நேரத்துல எட்டுக்கு மேல யார் அடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு கூட எழுதி வெச்சிருக்கேன். 'எட்டு போதும்'னு.

அண்ணி: ரெண்டரை மணிக்கு இந்த வார்டு எப்படி இருக்கும்னு ஒரு நாள் வந்து நின்னு பாத்திருக்கலாம்.

தம்பி: பாத்திருக்கலாம்.

அண்ணி: நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கலாம். மாத்திட்டியாடான்னு. பதினாறு வருஷமா டாக்டருக்கே ரெண்டு தடவ ஞாபகப்படுத்தறவ நான். உன்கிட்ட கேக்கல. நம்ம பையன், பண்ணியிருப்பான்னு விட்டுட்டேன்... இதக் குடுத்தா உன் வேலை?

தம்பி: போகும். அண்ணன் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே முதுகக் காட்டிப் படுத்துக்கலாம். இல்ல, ஒருத்தருக்குத்தான். உங்களோடது இருக்கே.

அண்ணி: இரு. எனக்கு உக்காரணும். அந்த வாளியக் கவுத்துப் போடு.

தம்பி: இந்தாங்க... தண்ணி வேணுமா?

அண்ணி: வேண்டாம். குறுக்க பேசாம கேளு. அந்த ஒன்பதாவது மணி... டிரைவர் அடிக்கல. நான் மருந்து ரூம்ல இல்ல. அவர் ரூம்லதான் இருந்தேன். போர்வை மாத்தப் போனேன். 'பொண்ணு வர்ற நேரம்மா, கட்டில்லயே போக வெச்சுடாத, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடு'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டார். அவர ரெண்டு பேர் சேந்துதான் எறக்கணும். அது ரூல். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், கட்டில் தலைமாட்டுல பெருசா எழுதி ஒட்டியும் இருக்கு. என்கூட இருந்த பொண்ணு மூணாம் பெட்டுல மாட்டிக்கிட்டு இருக்கு. 'காத்திரு'ம்பாங்க. அவர் மூஞ்சியப் பாத்தா நீயும் காத்திருக்க மாட்ட. நான் தனியா எறக்கினேன். ரெண்டு அடி வெச்சார். முழு பாரமும் என் கைல வந்துச்சு, பிடிக்க முடியல, தம்பி. வழுக்கிட்டார்.

தம்பி: அண்ணி, போதும்.

அண்ணி: போதும்னா எப்படி. கால் வேற மாதிரி மடிஞ்சு கெடக்குது. அசைச்சா இன்னும் போயிடும். ஒரு கையால அவர் தலையப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால எக்கி மணிய அடிச்சேன். வெளிய ஓடலாம்னா அவர் விட மாட்டேங்கறார். கத்தினா அக்கம்பக்கத்து ரூம்ல எல்லாரும் அவங்க அவங்களுக்காகக் கத்திக்கிட்டு இருக்காங்க. அப்புறம் கூட வேலை பாக்கற பொண்ணு வந்துச்சு. நானும் அப்பத்தான் வந்தேன்னு அது நெனச்சுக்கிச்சு. நானும் ஆமான்னுட்டேன்.

தம்பி: தெரியும்.

அண்ணி: என்ன தெரியும்?

தம்பி: கட்டிலுக்குக் கீழ எடை பாக்கற தகடு ஒண்ணு வெச்சிருக்கோம். சோதனைக்கு வெச்சது, உங்களுக்கெல்லாம் காட்டறதில்ல. அவர் கட்டில விட்டு எறங்கினது ரெண்டு நாப்பது, பத்தாவது செகண்டு. மணி அடிச்சது முப்பத்தஞ்சாவது செகண்டு. இடுப்பு ஒடஞ்சு தரைல கெடக்கற ஆளுக்கு அந்த பட்டன் எட்டாது. காலைல பத்து மணிக்கே பாத்துட்டேன்.

அண்ணி: பாத்துட்டா என்னை நிக்க வெச்சு வரிசையா சொல்லுன்ன?

தம்பி: நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.

அண்ணி: ...நல்ல குடும்பம்டா நம்ம குடும்பம்.

தம்பி: அது ரெண்டாவது பக்கத்துல இருக்கு. பைக்குள்ள, டப்பாவுக்குக் கீழ. வெக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். முதல் பக்கத்துல இருக்கறது எல்லாமே நெசம். அதுக்கு மேல யாரும் கேக்கல.

அண்ணி: எடு.

தம்பி: அத வெச்சா உங்களையும் அனுப்பிடுவாங்க அண்ணி. லைசன்ஸ் வரைக்கும் போகும். வீட்ல ரெண்டு சம்பளமும் ஒரே நாள்ல...

அண்ணி: தெரியும். எடுத்து வை. அந்த மனுஷன் இடுப்பு ஒடஞ்சு படுத்துக்கிட்டு, 'நானா எறங்கினேன்'னு எனக்காகப் பொய் சொல்லி, பெத்த பொண்ணுகிட்ட திட்டு வாங்கறார். இன்னிக்குக் காலைல ஊசி போடப் போனா என் கையத் தட்டிக் குடுக்கறார். எனக்கு அந்தக் கட்டில் பக்கம் போகவே முடியல. நீ உன் பக்கத்த எழுதிட்ட. என் பக்கத்தையும் வை.

தம்பி: ...சரி. இந்தாங்க. நீங்களே படிச்சுட்டுக் குடுங்க.

அண்ணி: படிக்கத் தெம்பில்ல. நீயே சொல்லு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு தடவதான் அடிச்சிருக்குன்னு சொன்னியே... அது ஏன் தம்பி? நான் ஒரு தடவையா அடிச்சேன்? கை மரத்துப் போற வரைக்கும் அடிச்சேன். அதுவும் உன் பெட்டிக்கு வரலையா?

தம்பி: வந்துச்சு. முப்பத்தெட்டு தடவ. ஆறாவது நிமிஷம் உங்ககூட இருந்த பொண்ணு மூணாம் பெட்டு மணிய நிறுத்துச்சு, ஒரு இடம் காலியாச்சு, அப்பத்தான் முப்பத்தெட்டாவது போர்டுக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி முப்பத்தேழு தடவையும் நான் எழுதின வரிதான் உங்களுக்கு 'இடம் இல்ல'ன்னு சொல்லியிருக்கு. அத உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாமத்தான் அண்ணி, ஒரு தடவன்னேன்.